இரவுப் பணியும் கட்டாயக் கூட்டமும்: பணிப்பட்டியலில் ஏறாத ஒரு மணி நேரம்

ஊழியர் கூட்டத்துக்கு எல்லாச் செவிலியரும் தவறாமல் வர வேண்டும் என்று சுற்றறிக்கை ஒட்டப்படும்போதெல்லாம் வார்டுகளில் ஒரே வகையான சச்சரவு எழுகிறது. மாதத்துக்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்க முடியாதா என்று நிர்வாகம் கேட்கிறது. தூக்கமும் வார ஓய்வும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் பறிபோகின்றன என்று சுழல்முறையில் பணிபுரிவோர் சொல்கிறார்கள். இரண்டுமே பொய்யில்லை. கூட்டம் நடக்கும் நேரத்தை ஒருவர் அளக்கிறார், அந்தக் கூட்டம் தின்றுவிடும் நேரத்தை மற்றவர் அளக்கிறார். இந்த இரண்டு அளவுகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதையும், அந்தக் கணக்கைச் சட்டம் எங்கே கவனிக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதையும், எவற்றை மாற்றினால் மோதல் குறையும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அடிப்படைச் சொற்கள்

பணிப்பட்டியல், அதாவது டூட்டி ரோஸ்டர், யார் எந்த நாளில் எந்த ஷிப்டில் வர வேண்டும் என்பதைச் சில வாரங்களுக்கு முன்பே வகுத்துச் சொல்லும் அட்டவணை. ஒப்படைப்பு என்பது ஒரு ஷிப்டை முடித்துச் செல்பவர் ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் அடுத்து வருபவரிடம் சொல்லிப் பொறுப்பை மாற்றிக்கொடுக்கும் நேரம். இதற்காகவே இரண்டு ஷிப்டுகளும் கால் மணி முதல் அரை மணி நேரம் வரை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி அமைக்கப்படுகின்றன. ஒரு பணி முடிந்ததிலிருந்து அடுத்த பணி தொடங்கும் வரையுள்ள தொடர்ச்சியான நேரம் ஓய்வு இடைவெளி. இந்த விவாதம் முழுவதும் சுற்றி நிற்பது இந்தக் கடைசிச் சொல்லைத்தான்.

வராவிட்டால் விளக்கம் கேட்கப்படும், அல்லது ஆண்டு மதிப்பீட்டில் குறிக்கப்படும் என்ற நிலை இருந்தால் அது கட்டாயக் கூட்டம். சுற்றறிக்கையில் "அனைவரும் வருவது விரும்பத்தக்கது" என்று மென்மையாக எழுதியிருந்தாலும், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இல்லாதவர்களின் பட்டியல் மறுநாள் மேலிடத்துக்குப் போகுமானால் அதுவும் கட்டாயக் கூட்டமே.

எந்த நேரம் வைத்தாலும் ஏன் இடிக்கிறது

நேரத்தைச் சற்று மாற்றினால் எல்லோருக்கும் ஒத்துவரும் என்ற நம்பிக்கைதான் முதலில் கைவிட வேண்டியது. ஒரு வாரத்தில் 168 மணி நேரம் உண்டு. ஒரு செவிலியர் வாரம் 36 மணி நேரம் பணிபுரிகிறார் என்றால், ஓர் இடத்தை இடைவிடாமல் நிரப்பி வைக்க, விடுப்புகளைக் கணக்கில் சேர்க்காமலேயே, ஏறத்தாழ 4.7 பேர் தேவை. எனவே எந்த நேரத்தை எடுத்துக்கொண்டாலும் ஐந்தில் ஒருவர் அல்லது அதைவிடச் சற்றே கூடுதலானோர்தான் வார்டில் இருப்பார்கள்.

விளக்கத்துக்காக ஒரு வார்டைக் கற்பனை செய்துகொள்வோம். பகல் ஷிப்ட் காலை 7.30 முதல் இரவு 8.00 வரை, இரவு ஷிப்ட் மாலை 7.30 முதல் காலை 8.00 வரை. ஷிப்டுக்கு ஆறு பேர். வாரத்துக்கு 14 ஷிப்டுகள், ஆகவே நிரப்ப வேண்டிய இடங்கள் 84. ஒருவருக்கு வாரம் மூன்று ஷிப்டுகள் என்றால் 28 பேர் வேண்டும். புதன்கிழமை பிற்பகல் 2 மணிக்குக் கூட்டம் அறிவிக்கப்படுகிறது. அந்த நேரத்தில் இந்த 28 பேரும் எங்கே இருப்பார்கள்?

1. ஆறு பேர் நோயாளிகளோடு இருக்கிறார்கள். மாற்றுக்கு ஆள் இல்லாமல் இவர்கள் கூட்ட அறைக்குப் போனால் வார்டு காலியாகும்.

2. ஆறு பேர் அன்று காலைதான் இரவுப் பணி முடித்துச் சென்றவர்கள். ஆறு பேர் அன்றிரவு வர வேண்டியவர்கள். இரவுப் பணி பெரும்பாலும் அடுத்தடுத்த நாட்களில் தரப்படுவதால் இந்த இரண்டு குழுவிலும் நான்கு பேர் பொதுவானவர்கள் என்று கொண்டால், இப்படி உறங்கிக்கொண்டோ உறங்க முயன்றுகொண்டோ இருப்பவர்கள் எட்டுப் பேர்.

3. மீதி 14 பேருக்கு அது விடுமுறை நாள். அவர்களிலும் சிலர் முந்தைய இரவுகளின் களைப்பிலிருந்து மீண்டுகொண்டிருப்பார்கள். சிலர் மறுநாள் விடியற்காலையிலேயே எழ வேண்டியவர்கள்.

தடையின்றி வரக்கூடியவர் என்று இந்த 28 பேரில் ஒருவரையும் சுட்டிக்காட்ட முடியவில்லை. கிழமையையும் மணியையும் மாற்றினால் பெயர்கள் மாறும், கணக்கு மாறாது. அன்றாடம் அதே நேரத்தில் வந்து அதே நேரத்தில் போகிற தலைமைச் செவிலியருக்கும் பயிற்சி ஒருங்கிணைப்பாளருக்கும் நிர்வாகிக்கும் மட்டுமே பிற்பகல் 2 மணி இயல்பான வேலை நேரம். கூட்டத்தின் நேரத்தைக் குறிப்பவர்களும் இவர்களே. இதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. தமக்குப் பகலாக இருப்பது பிறருக்கு நள்ளிரவாக இருக்கிறது என்பது நாட்காட்டியைப் பார்த்தால் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

பகுதிநேரச் செவிலியருக்குச் சுமை இன்னும் கூடுதல். வாரம் 36 மணி நேரம் பணிபுரிபவருக்கு ஒரு மணி நேரக் கூட்டம் அந்த வாரத்தின் 2.8 விழுக்காடு, ஒரே ஒரு 12 மணி நேர ஷிப்ட் பார்ப்பவருக்கு அது 8.3 விழுக்காடு. இன்னொரு மருத்துவமனையிலும் வேலை பார்ப்பவர் என்றால் இங்குள்ள கூட்டம் அங்குள்ள ஷிப்டோடு மோதும், அந்த மோதல் எந்தப் பட்டியலிலும் தெரியாது.

இரவுப் பணி முடித்தவருக்கு ஒரு மணி நேரம் என்பது எவ்வளவு

மேற்சொன்ன வார்டில் தொடர்ந்து இரண்டு இரவுகள் பணியில் இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலை 8 மணிக்குப் பணி முடிகிறது, மாலை 7.30 மணிக்கு மீண்டும் தொடங்குகிறது. இடையே கிடைப்பது 11.30 மணி நேரம். ஒரு மணி நேரப் பயணம், சற்று இளைப்பாறல் எல்லாம் போக, காலை 9.30 முதல் மாலை 5.30 வரை எட்டு மணி நேரம் படுக்கையில் இருக்கலாம். படுக்கையில் இருக்கும் எட்டு மணி நேரம் முழுவதும் உறக்கமாகாது. உடலின் உட்கடிகாரம் வெளிச்சத்தை ஒட்டியே இயங்குவதால் பகல் உறக்கம் இரவு உறக்கத்தைவிடக் குறுகியதாகவும் எளிதில் கலைவதாகவும் இருக்கிறது. இந்தக் கடிகாரத்தின் மூலக்கூறு அளவிலான இயக்கத்தைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகியோருக்குத்தான் 2017இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது.

இப்போது கூட்டத்தை இரண்டு விதமாக நுழைத்துப் பார்க்கலாம்.

முதலாவது, பணி முடிந்த கையோடு காலை 8.30 முதல் 9.30 வரை. ஓய்வு இடைவெளி பத்து மணி நேரமாகச் சுருங்குகிறது, உறக்கம் தொடங்குவது ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போகிறது. முந்தைய நாள் மாலை 4 மணிக்கு எழுந்தவர் என்றால், கூட்டத்தின் நடுவே, காலை 9 மணிக்கு, அவர் விழித்து 17 மணி நேரம் ஆகியிருக்கும். ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் ஆகிய ஆய்வாளர்கள் 1997இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கை–கண் ஒருங்கிணைப்பு, இரத்தத்தில் 0.05 விழுக்காடு ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுவதைக் காட்டியது. பல நாடுகளில் வாகனம் ஓட்டுவதற்கான சட்ட வரம்பே 0.05 விழுக்காடுதான். அந்த நிலையில் ஒருவருக்குப் புதிய மருந்து நெறிமுறையைக் கற்பித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, பிறகு வாகனத்தில் வீட்டுக்கு அனுப்புகிறோம்.

இரண்டாவது, பிற்பகல் 2 முதல் 3 வரை. "கொஞ்சம் தூங்கிவிட்டு வரட்டும்" என்ற நல்லெண்ணத்தில் வைக்கப்படும் இந்த நேரம்தான் உண்மையில் மிக மோசமானது. 11.30 மணி நேர இடைவெளி ஆறு மணி நேரமாகவும் நாலரை மணி நேரமாகவும் இரண்டாக உடைகிறது. காலை 9.30க்கு உறங்கியவர் பகல் 12.30க்கு எழுந்தால்தான் கூட்டத்துக்கு வந்துசேர முடியும். வீடு திரும்பும்போது மணி 4. ஒன்றரை மணி நேரம் கண்ணை மூடலாம், உறக்கம் வந்தால். பயணம் இரண்டு முறை. ஆக, தாளில் ஒரு மணி நேரம் என்று எழுதப்பட்டது, மூன்று மணி நேரத் தொடர் உறக்கத்தை மட்டும் மிச்சம் வைத்து அவரைப் பன்னிரண்டு மணி நேர இரவுப் பணிக்கு அனுப்புகிறது.

இது எப்போதோ ஒரு முறை நேர்வதில்லை. உலக சுகாதார அமைப்பைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, உடற்கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்ட் பணியை 2007இல் "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது" என்ற 2ஏ பிரிவில் சேர்த்தது. 2019இல் மறு ஆய்வு செய்து அதையே உறுதிப்படுத்தியது. கூட்டம் புற்றுநோய் தரும் என்பது இதன் பொருளில்லை. ஏற்கெனவே ஆபத்துக் கணக்கில் இருக்கும் பணிமுறையில் மீட்சிக்கான நேரத்தை மேலும் அரிப்பது சிறிய காரியமில்லை என்ற அளவுக்கு இதை எடுத்துக்கொள்ளலாம்.

சட்டமும் விதிகளும்

இங்கே இரண்டு கேள்விகள் அடிக்கடி ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. கூட்ட நேரத்துக்கு ஊதியம் உண்டா என்பது ஒன்று. அந்த நேரம் ஓய்வைக் குறைக்கிறதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்துவிட்டாலே இரண்டாவதும் தீர்ந்ததாகப் பலர் எண்ணுகிறார்கள்.

1. அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டின் நியாயமான தொழிலாளர் தரநிலைச் சட்டத்தின் கீழுள்ள விதிகள், கூட்டங்களையும் பயிற்சி வகுப்புகளையும் வேலை நேரமாகக் கருதாமலிருக்க நான்கு நிபந்தனைகளை வைக்கின்றன: அது வழக்கமான பணி நேரத்துக்கு வெளியே நடக்க வேண்டும், வருகை உண்மையாகவே விருப்பத்தின்பேரில் இருக்க வேண்டும், பொருள் அவரது வேலையோடு நேரடித் தொடர்பு இல்லாததாக இருக்க வேண்டும், அந்த நேரத்தில் வேறு வேலை எதுவும் செய்யக் கூடாது. நான்கும் ஒருசேர நிறைவேற வேண்டும். கட்டாயக் கூட்டம் இரண்டாவது நிபந்தனையிலேயே அடிபட்டுப்போவதால், மணிக்கணக்கில் ஊதியம் பெறுபவர்களுக்கு அது வேலை நேரமே. எனினும் வாரம் 36 மணி நேரம் பார்ப்பவர் 40ஐத் தாண்டும் வரை மிகைநேர ஊதியம் வராது. மருத்துவமனைகள் முன்னுடன்பாட்டோடு பயன்படுத்தக்கூடிய "8, 80" முறையில் மட்டும் ஒரு நாளில் எட்டு மணி நேரத்தையோ 14 நாட்களில் 80 மணி நேரத்தையோ தாண்டினால் மிகைநேரம் கணக்காகும். ஓய்வைப் பொறுத்தவரை இச்சட்டம் மௌனம். வயது வந்தவர் ஒரு நாளில் இத்தனை மணி நேரத்துக்கு மேல் உழைக்கக் கூடாது என்று அது எங்கும் சொல்வதில்லை.

2. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு வேலை நேர ஆணை எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்குகிறது. ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. மருத்துவமனைகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் அதற்கு ஈடான ஓய்வு தரப்பட வேண்டும். எந்தப் பணியால் ஓய்வு குறைந்ததோ அந்தப் பணி முடிந்த உடனேயே ஈட்டு ஓய்வு வர வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2003இல் யேகர் வழக்கில் கூறியது. வேலையளிப்பவர் கட்டாயமாக்கும் தொழிற்பயிற்சி, வழக்கமான பணியிடத்துக்கு வெளியே நடந்தாலும், அந்த நேரத்தில் வழக்கமான கடமைகளைச் செய்யாவிட்டாலும் வேலை நேரமே என்று அதே நீதிமன்றம் 2021 அக்டோபரில் ஒரு ருமேனிய வழக்கில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு பயிற்சியைப் பற்றியதுதான். ஆயினும் கட்டாயக் கூட்டத்துக்கு வேறு அளவுகோல் வைப்பது கடினம்.

3. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1977இல் செவிலியருக்கென்றே 149ஆம் உடன்படிக்கையையும் அதனோடு 157ஆம் பரிந்துரையையும் ஏற்றது. ஷிப்டுகளுக்கு இடையே தொடர்ந்து 12 மணி நேரமாவது ஓய்வு தேவை என்றும், சொந்த வாழ்வையும் குடும்பத்தையும் திட்டமிட்டுக்கொள்ளும் அளவுக்குப் பணிப்பட்டியலை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்றும் அப்பரிந்துரை சொல்கிறது. பரிந்துரை என்பதால் சட்டம்போல் கட்டுப்படுத்தாது. ஆயினும் சங்கங்கள் பேச்சுவார்த்தையில் எடுத்துவைக்க உறுதியான அடித்தளம் அது.

11 மணி நேர விதியை நம் கற்பனை வார்டோடு பொருத்திப் பார்த்தால் முடிவு தெளிவாகிவிடும். 24 மணி நேரத்தில் 11 ஓய்வுக்குப் போனால் வேலைக்கு மிஞ்சுவது 13. ஒப்படைப்போடு சேர்த்து ஷிப்டே 12.30 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. எனவே அடுத்தடுத்த இரண்டு ஷிப்டுகளுக்கு நடுவே அரை மணி நேரத்துக்கு மேல் எந்தக் கூட்டத்தையும் விதியை மீறாமல் வைக்க முடியாது, அதுவும் ஷிப்டோடு ஒட்டியே வைத்தால்தான். ஒரு மணி நேரக் கட்டாயக் கூட்டம் அங்கே இடமில்லாத ஒன்று. ஊதியம் இரட்டிப்பாகத் தந்தாலும் இந்தக் கணக்கு நகராது.

வருகை கட்டாயமா, செய்தி சேர்வது கட்டாயமா

கட்டாயம் என்ற சொல்லுக்குப் பின்னால் நியாயமான காரணங்கள் உண்டு. நோயாளியின் இரத்தக் குழாயில் மருந்தை அளவாகச் செலுத்தும் உட்செலுத்துப் பம்பு மாறுகிறது என்று கொள்வோம். பழையதில் மணிக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று பதிந்த மருந்தைப் புதியதில் உடல் எடைக்கேற்ப நிமிடத்துக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று பதிய வேண்டும். இதை 28 பேரும் அறிந்திருக்க வேண்டும். 27 பேருக்குத் தெரிந்தால் போதாது. நிர்வாகத்தின் இந்த அக்கறையோடு யாருக்கும் வழக்கில்லை.

ஆனால் அந்த அக்கறையைக் கூட்டம் நிறைவேற்றுகிறதா? எழுபது விழுக்காடு வருகை என்றால் நல்ல வருகை என்று குறிப்பேட்டில் எழுதப்படும். வராத முப்பது விழுக்காட்டினர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் அந்த வாரம் இரவுப் பணியில் இருந்தவர்களாகவே இருப்பார்கள். மூத்தவர்களும் மருத்துவர்களும் குறைவாக இருக்கும் வேளையில் அந்தப் பம்பை முதன்முதலாகத் தனியே இயக்கப்போகிறவர்களும் அவர்கள்தாம். தகவல் மிகவும் தேவைப்படுபவரை விட்டுவிட்டு மற்றவர்களிடம் அதைச் சேர்ப்பதில் இந்த ஏற்பாடு தேர்ந்திருக்கிறது என்று சற்றுக் கசப்போடு சொல்லலாம். தரச்சான்றுக்காக வரும் குழுவுக்குக் காட்டக் கையெழுத்துப் பட்டியல் பயன்படும். பம்பை இயக்கத் தெரியுமா என்பதற்கு அது சான்றாகாது.

ஆகவே ஒரே "ஊழியர் கூட்டம்" என்ற பெயரில் கட்டிவைக்கப்படும் பொருள்களை முதலில் பிரிக்க வேண்டும். சொல்லித் தெரிவிக்க வேண்டியவை ஒரு வகை. கையால் செய்து பழக வேண்டியவை இன்னொரு வகை. கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டியவை, அல்லது நடந்துவிட்ட ஒரு தவற்றை ஆராய வேண்டியவை மூன்றாவது. இந்த மூன்றாவது வகைக்கு மட்டுமே எல்லோரும் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் இருப்பதால் ஏதாவது பயன் உண்டு.

எவை உதவுகின்றன, எவை உதவுவதுபோல் தோன்றுகின்றன

1. ஒப்படைப்பின்போது பத்து நிமிடம். சொல்லித் தெரிவிக்க வேண்டியவற்றுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. நம் வார்டில் ஒவ்வொருவரும் வாரம் மூன்று முறை எப்படியும் வருகிறார்கள். ஒரே செய்தியை ஒரு வாரம் முழுவதும் எல்லா ஒப்படைப்புகளிலும் திரும்பச் சொன்னால், நீண்ட விடுப்பில் இருப்பவர்கள் தவிர 28 பேரையும் அது எட்டிவிடும். யாரும் வீட்டிலிருந்து ஒரு முறைகூடக் கூடுதலாகப் புறப்பட வேண்டாம். சொல்பவர் சலிப்படைவார் என்பதுதான் இதிலுள்ள குறை. ஒப்படைப்பே அவசரத்தில் நடக்கும் வார்டுகளில் இந்தப் பத்து நிமிடம் நோயாளிகளைப் பற்றிய பேச்சைத் தின்றுவிடாமல் தனியாக ஒதுக்கப்பட வேண்டும்.

2. கூட்டத்தைப் பணிப்பட்டியலுக்கு முன் முடிவுசெய்வது. பட்டியல் வெளியான பிறகு கூட்ட நாள் அறிவிக்கப்படுவதால்தான் மோதல்களில் பெரும்பகுதி உண்டாகிறது. கூட்ட நாள் முதலில் தெரிந்திருந்தால், அதற்கு முந்தைய இரவில் பணி பார்ப்பவர் யார், அவருக்கு எந்த மாற்று அமர்வு என்பதைப் பட்டியல் போடும்போதே எழுதிவிடலாம். அந்த ஒரு மணி நேரமும் பட்டியலில் ஒரு கட்டமாக, மணிக்கணக்கோடு, ஏற வேண்டும்.

3. பல அமர்வுகள். கைப்பழக்கம் தேவைப்படும் பயிற்சிக்கு இது தவிர்க்க முடியாதது. அமர்வுகளில் ஒன்றாவது இரவு ஷிப்டுக்கு உள்ளேயே, மாற்று ஆளோடு நடக்க வேண்டும். காலையும் மாலையும் பிற்பகலும் என்று மூன்று அமர்வுகள் வைத்தாலும் மூன்றுமே இரவுப் பணியாளரின் உறக்க நேரத்தில்தான் விழுகின்றன.

4. இணையவழிக் கூட்டம். பயணம் மிச்சமாகிறது, உறக்கம் மிச்சமாவதில்லை. பிற்பகல் 2 மணிக்குக் கைபேசியைக் காதில் வைக்க எழுபவரும் 2 மணிக்கு எழுபவர்தான். வீட்டிலிருந்து சேர்ந்தாலும் அது வேலை நேரம் என்பதும் மாறாது.

5. ஒளிப்பதிவும் சிறு வினாத்தாளும். அவரவர் நேரத்தில் பார்க்கலாம் என்பது பெரிய வசதி. ஆனால் "அவரவர் நேரம்" என்பது ஊதியமில்லாத நேரமாகத் திரிந்துவிடும் ஆபத்து இதில் எப்போதும் உண்டு. பணி நேரத்துக்குள் இருபது நிமிடம் ஒதுக்கித் தராத மருத்துவமனை, கூட்டத்தை ஒழிக்கவில்லை, வீட்டுக்கு இடம்பெயர்த்திருக்கிறது.

6. பணியில் இருப்பவர் வார்டைப் பார்த்துக்கொண்டே கூட்டத்திலும் "கலந்துகொள்வது". இதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அழைப்பு மணி அடித்தால் எழுந்து போக வேண்டியவர் எதையும் முழுதாகக் கேட்பதில்லை.

கூடிப் பேச வேண்டிய மூன்றாவது வகைக் கூட்டங்களுக்கு எல்லோருக்கும் உகந்த நேரம் இல்லை என்பதை முன்பே பார்த்தோம். அங்கே செய்யக்கூடியது சுமையைச் சுழற்றுவது மட்டுமே: இம்முறை பகல்காரர்களுக்கு வசதியாக இருந்தால் அடுத்த முறை இரவுக்காரர்களுக்கு. வர இயலாதவர் தம் கருத்தை முன்கூட்டியே எழுதித் தரவும், ஷிப்டுக்கு ஒருவர் பிரதிநிதியாக வரவும் இடமளித்தால் முடிவுகள் பகல்காரர்களின் முடிவுகளாக மட்டும் ஆகிவிடாது.

விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தால்

கூட்டத்துக்கு வராததற்கு விளக்கம் கேட்கப்படும் செவிலியர், "தூக்கமாக இருந்தது" என்று எழுதுவதைவிட மணிக்கணக்கை எழுதுவது நல்லது. முந்தைய பணி எத்தனை மணிக்கு முடிந்தது, அடுத்த பணி எத்தனை மணிக்குத் தொடங்கியது, கூட்டத்துக்குச் சென்றிருந்தால் தொடர் ஓய்வு எத்தனை மணி நேரமாகக் குறைந்திருக்கும், கூட்ட அறிவிப்பு பட்டியலுக்கு முன் வந்ததா பின் வந்ததா, மாற்று அமர்வு கேட்கப்பட்டதா என்ற ஐந்து விவரங்கள் போதும். அந்தந்த நாட்டின் சட்டமோ பணி ஒப்பந்தமோ வரையறுக்கும் ஓய்வு எவ்வளவு என்பதை அதனருகில் குறித்துவிட்டால், கேள்வி அவரது ஒழுக்கத்திலிருந்து பட்டியலின் அமைப்புக்கு நகர்ந்துவிடும். கூட்டத்துக்கு வராமலே இருந்துவிட்டுப் பின்னர் இதை எழுதுவதைவிட, அறிவிப்பு வந்த உடனேயே எழுதி மாற்று கேட்பது வலுவானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

செலவை யார் ஏற்கிறார்கள்

மாற்று அமர்வு, மாற்று ஆள், பணி நேரத்துக்குள் பயிற்சி என்று எதைக் கேட்டாலும் நிதி இல்லை என்ற பதில் வரும். அந்த நிதி இப்போதும் செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது. 28 பேர் வரும் ஒரு மணி நேரக் கூட்டம் 28 மணி நேர உழைப்பு. நம் வார்டின் அளவில் இரண்டு முழு ஷிப்டுகளுக்கும் மேல். அது ஊதியக் கணக்கில் ஏறாதபோது செவிலியரின் உறக்கத்திலிருந்தும் விடுமுறையிலிருந்தும் கழிகிறது. அந்த 28 மணி நேரத்தை வார்டின் நிதித் திட்டத்தில் தனி வரியாக எழுதச் சொன்னால், நிர்வாகியின் மேசையில் இருக்கும் பன்னிரண்டு பொருள் கொண்ட நிகழ்ச்சிநிரலில் எத்தனை பொருளுக்கு உண்மையிலேயே எல்லோரும் கூட வேண்டும் என்ற கேள்வியை முதலில் கேட்பவர் அந்த நிர்வாகியாகவே இருப்பார்.